பக்கத்துக் காம்பரா வசனம்

டீவிக்கு நாடகம் எழுத நான் கத்துக்கிட்டது ஒரு அட்டையில்லாத பொத்தகத்துல இருந்துதான். யட்டியாந்தோட்டை பஜார்ல பழைய பேப்பர் வாங்கி விக்கிற முஸ்லிம் நானா ஒருத்தர் இருந்தாரு. கடலை சுத்துறதுக்குக் கிழிக்கன்னு வச்சிருந்த கட்டுல இருந்து அத இழுத்தெடுத்தேன். மொதப் பத்துப் பக்கத்தையும் கறையான் தின்னுருந்துச்சு. எழுதினது யாரு, பொத்தகத்துக்குப் பேரு என்ன, ஒண்ணும் தெரியாது. "இத யாரும் எடுக்க மாட்டாங்க மகள், நீங்க எடுத்துட்டுப் போங்க"ன்னு நானா சும்மாவே குடுத்துட்டாரு. தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது இது. எனக்கு அப்ப இருவது வயசு. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்தேன்.

எங்க லயத்துல, வரிசையா பன்னெண்டு வீடு ஒரே கூரைக்குக் கீழ, ஆனா ஒரே ஒரு டீவிதான், அதுவும் பஸ் பேட்டரியில ஓடும். சிங்கள நாடகம் போட்டா லயமே உக்காந்து பாக்கும், எல்லாருக்கும் சிங்களம் தண்ணி பட்ட பாடு. தமிழ் நாடகம் எப்பவாவது வரும். அதுல வர்றவங்க புருஷன் பொஞ்சாதி சண்டையக்கூட செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவாங்க. "இவங்கல்லாம் வீட்டுல சோறு கேக்குறப்பவும் இப்படித்தான் கேப்பாங்களா?"ன்னு எங்கம்மா கேக்கும். எல்லாரும் சிரிப்பாங்க, எனக்கு மட்டும் ஆத்திரமா வரும். நம்ம பேச்சு என்ன, டீவிக்குள்ள நுழையக் கூடாத பேச்சா? அந்த வீம்புதான் என்னை எழுத வச்சுச்சு.

பொத்தகம் சொன்னது இதுதான். பக்கத்து நடுவுல ஒரு கோடு போடணும். இடது பக்கம் கண்ணுக்குத் தெரியிறது, வலது பக்கம் காதுல விழுறது. மூணாவதா ஒண்ணு கெடையாது. நான் மொத மொதல்ல எழுதுனப்ப இடது பக்கத்துல "அவள் மனம் உடைந்தது"ன்னு எழுதிட்டுப் பெருமையா இருந்தேன். அடுத்த பாடத்தப் படிச்சா, மனச கேமராவுல பிடிக்க முடியாது, அவ என்ன செஞ்சான்னு எழுதுன்னு போட்டிருந்துச்சு. வெக்கமாப் போச்சு. அடிச்சிட்டு, "அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்"ன்னு எழுதினேன். அன்னைக்கு முழுக்க எனக்கு சந்தோஷம் தாங்கல.

அஞ்சாம் பாடத்துலதான் வென வந்துச்சு. ரெண்டு பேர் பேசுறத அவங்களுக்குத் தெரியாம கேட்டு அப்படியே எழுதிப் பழகணுமாம். பஸ்ஸுல கேளுங்க, டீக்கடையில கேளுங்க, ரயில்ல கேளுங்கன்னு போட்டிருந்துச்சு. நல்ல கதையா இருக்கே! விடிய முன்ன மலைக்குப் போய் பால் வெட்டி, மத்தியானம் நிறுத்துக் குடுத்துட்டு வர்றவ எந்த ரயில்ல போய் உக்காருவா? டீக்கடையில ஒரு கொமரிப்புள்ள தனியா உக்காந்தா, அப்புறம் லயமே என்னைப் பத்தி நாடகம் எழுதிரும். ஆனா எனக்கு ஒரு செவுரு இருந்துச்சு.

லயத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராதான். ரெண்டு காம்பராவுக்கு நடுவுல செவுரு உண்டு, ஆனா அது கூரை வரைக்கும் போகாது. மேல ஒரு மொழம் சும்மா கெடக்கும். அந்தப் பக்கம் கடுகு வெடிச்சா இந்தப் பக்கம் தும்மல் வரும். அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம்: செவுத்த தாண்டி வந்த பேச்சு காதுல விழவே இல்லை. ஒருத்தி விக்கி விக்கி அழுதிருந்தாலும், காலையில தண்ணி பிடிக்கிற பீலியில பாக்குறப்ப "என்ன, கண்ணு செவந்திருக்கு, தடிமன் புடிச்சிருக்கா?"ன்னுதான் கேக்கணும். அத யாரும் சொல்லிக் குடுக்கல, எல்லாருக்கும் தெரியும். அந்த மானம் மட்டும் இல்லாட்டி லயத்துல ஒரு குடும்பம் பொழைக்க முடியாது.

பக்கத்துக் காம்பராவுல ஒரு அக்காவும் அது புருஷனும் பத்து மாசக் கொழந்தையும். அந்த அண்ணனும் பால் வெட்டுதான். எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல, அந்த அக்காதான் எனக்குப் பேன் பாத்து, தலை பின்னி, முதுகுல நாலு வச்சு வளத்துச்சு. அது பேச்சுல காரமும் இனிப்பும் சேந்தே வரும். எந்தக் கோவத்துலயும் புருஷனுக்கு 'ங்க' போடாம திட்டாது. நான் கொப்பிய மடியில வச்சுக்கிட்டு செவுத்தோரமா உக்காந்து ரெண்டு பேர் பேசினதையும் ஒரு எழுத்து விடாம எழுதினேன். வலது பக்கம் நெறஞ்சுக்கிட்டே போச்சு, இடது பக்கம் வெறுமையாக் கெடந்துச்சு. வசனம் எழுத நான் பழகினது அந்தக் கொப்பியிலதான், சத்தியமாச் சொல்றேன். பின்னாடி என்னோட ரெண்டு நாடகம் டீவியில வந்துச்சு, அது வேற கதை.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. மழை பெஞ்சா பால் வெட்ட முடியாது, வேலையும் இல்லை. அண்ணன் கொழும்புல ஒரு கடைக்கு வேலைக்குப் போறதா முடிவு பண்ணிட்டாரு. அக்காவுக்கு அது பிடிக்கவே இல்ல. சண்டை நடந்த காலம், கொழும்புல எந்த நேரம் எங்க குண்டு வெடிக்கும்னு தெரியாது. கெளம்புற அன்னைக்குப் பகல்ல ஒரே சண்டை. "மழைய நம்பியா புள்ள வளக்கச் சொல்ற?"ன்னு அவரு கேட்டாரு. "போறதுன்னா போங்க! திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காதீங்க!"ன்னு கத்திட்டு, அக்கா வாளியத் தூக்கிக்கிட்டு பீலிக்குப் போயிருச்சு. அது திரும்பி வர்றதுக்குள்ள அவரு கொழந்தையத் தொட்டில்ல விட்டுட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு. நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தேன்.

ரெண்டு மாசத்துல அவரு செத்துப் போனாரு. காச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்களாம், மூணே நாள்தான். வேன்ல கொண்டாந்து எறக்குனப்ப அக்கா மாருல அடிச்சுக்கிட்டு அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு. "மிதிக்காதீங்கன்னு சொன்னேனே சாமி, மிதிக்காமலே வந்துட்டீங்களே! நாலு பேரு தூக்கிக்கிட்டு வரும்படியா வந்துட்டீங்களே!"ன்னு அழுதுச்சு. கேட்டவங்க எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நின்னாங்க.

கருமாதி முடிஞ்சும் அக்கா தேறல. வேலைக்கு வரும், போகும், கொழந்தைக்குப் பால் குடுக்கும், அவ்வளவுதான். யாரு தேத்துனாலும் ஒரே பேச்சு: "என் வாயிதான் அவர அனுப்பிச்சு. நான் சபிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு." எங்கம்மா சொல்லிப் பாத்துச்சு, கோயில்ல பூசாரி சொல்லிப் பாத்தாரு. ஒண்ணும் ஏறல. அப்படி இல்லன்னு சொல்ல ஒலகத்துல ஒரே ஒரு சாட்சிதான் இருந்துச்சு. அது என் ட்ரங்குப் பெட்டியில, சேலைக்கு அடியில கெடந்துச்சு.

அத எடுத்து நீட்டணும்னா நான் ஒட்டுக்கேட்டத ஒத்துக்கணும். ஒட்டுக்கேட்டது மட்டுமா, எழுதியும் வச்சிருக்கேனே! அக்கா என் மூஞ்சியில முழிக்காது. கூடப் பொறந்தவங்க இல்லாத எனக்கு இருந்த ஒரே அக்கா அதுதான். மூணு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். பயந்தாங்கொள்ளி நான், மறைக்க என்ன இருக்கு.

கடைசியில ஒரு நாள் பீலியில வச்சு சொல்லிட்டேன். "அக்கா, அன்னைக்கு நீங்க தண்ணிக்கு வந்தப்புறம் அண்ணன் கொஞ்சம் பேசினாருங்க. நான் கேட்டேன். எழுதி வச்சிருக்கேன்." மேல சொல்றதுக்கு முன்ன அக்கா நிமிந்து பாத்துச்சு. "எழுதி வச்சியா? எங்க வீட்டுப் பேச்சையா? எதுக்குடி, டீவிக்கா?" "ஒனக்குத் தலை பின்னி விட்ட கைய அறுக்கணும்டி"ன்னு சொல்லிட்டு, பாதி நெறஞ்ச வாளியோட போயிருச்சு.

மறுநாள் வேலை விட்டு வந்து பாத்தா, செவுத்துக்கு மேல இருந்த சந்துல அக்கா உரச்சாக்கப் பிரிச்சு வரிசையா ஆணி அடிச்சுத் தொங்க விட்டிருந்துச்சு. எங்கம்மா அதப் பாத்துட்டு என்னையும் பாத்துச்சு. நான் அந்தப் பொத்தகத்த அடுப்புல போடலாமான்னுகூட நெனச்சேன், கை வரல.

ஒரு வாரம் அப்படியே போச்சு. பிறகு ஒரு நாள் காலையில இருந்தே மழை. வேலை இல்லை. எங்கம்மா ரேசன் வாங்க பஜாருக்குப் போயிருந்துச்சு. நான் அரிசி பொறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். சாக்குக்கு அந்தப் பக்கத்துல இருந்து மெதுவா ஒரு குரல்.

"ஏ புள்ள. இருக்கியா?"

"இருக்கேங்கக்கா."

தகரத்துல மழை மட்டும் கொட்டுச்சு.

"நான் தண்ணிக்குப் போனப்புறம்... என்னதான் சொன்னாரு?"

பெட்டியத் தொறந்து கொப்பிய எடுத்தேன். செவுத்துக்குப் பக்கத்துல போய் நின்னேன். மழைச் சத்தத்துக்குக் கேக்கணும், மத்தக் காம்பராவுக்குக் கேக்கவும் கூடாது. எழுதியிருந்தபடியே வாசிச்சேன்.

"பாத்தியாடி தங்கம் ஒங்கம்மா லட்சணத்த? திரும்பி வராதீங்கன்னு திட்டுறா. திட்டிக்கிட்டே ரொட்டி சுட்டுப் பையில வச்சிருக்கா. எட்டு ரொட்டி! கொச்சிக்கா சம்பல் வேற. ஒரு வேளைக்கு எட்டு ரொட்டி நான் தின்பேனாடி? சரி, பஸ்ஸு போயிரும். அம்மா வந்தா சொல்லு, அப்பா போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாருன்னு."

பத்து மாசக் கொழந்தைகிட்ட சொல்லிட்டுப் போன சேதி. அது யாருகிட்ட போய்ச் சொல்லும்?

"சிரிச்சாரா?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"சிரிச்சாருங்கக்கா. சத்தமாவே சிரிச்சாரு. பேசுறதுக்கு முன்னவும் சிரிச்சாரு, எட்டு ரொட்டின்னு சொன்னப்பவும் சிரிச்சாரு. ரெண்டையும் எழுதியிருக்கேன்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அது தெரியாதுங்கக்கா. காதுல விழுந்தது மட்டுந்தான் இருக்கு."

"சரி. இன்னொரு வாட்டி வாசி."

வாசிச்சேன். "இன்னொரு வாட்டி"ன்னுச்சு. அதையும் வாசிச்சேன். மூணாவது வாட்டி வாசிச்சு முடிச்சப்ப அக்கா அழுதுச்சு. வேன் வந்த அன்னைக்கு அழுத மாதிரி இல்ல, சின்னப் புள்ள அழுகுற மாதிரி.

"அப்ப, நான் சும்மாதான் சொன்னேன்னு தெரிஞ்சுதான் போயிருக்காரு"ன்னு சொல்லுச்சு.