இடிமழைக்குச் சைபர்

இன்று காலை அலுவலகத்தில் இருக்கும்போது இடி முழங்கியது. முழங்கி அடங்குவதற்குள் இணைய லைன் போய்விட்டது. பக்கத்து மேசைத் தங்கச்சி, "இஞ்ச பாருங்க, வானம் செருமினாலே நம்மட லைன் போயிருது" என்றாள். எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. கணினிக்குப் பொறுப்பு என்று பெயர் வாங்கிக்கொண்டு சம்பளம் எடுப்பவன் நான்தானே. அறிந்தவன்போல எழும்பிப் போய், ரவுட்டர் வைத்திருக்கும் அலுமாரியைத் திறந்தேன். சூடேறிய தூசியும் ஈரமும் கலந்து ஒரு வாசனை வந்தது. எனக்குப் பத்தொன்பது வயதில் இருந்த வாசனை அது. லைனை மறந்து சற்றுநேரம் அங்கேயே நின்றேன்.

அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, புளியந்தீவில் ஒரு கணினிக் கடையில் வேலைக்கு இருந்தேன். கடை பாசிலுடைய நானாவுடையது, அவனுடைய மூத்த அண்ணன். பாசில் காத்தான்குடிக்காரன், என்னோடு படித்தவன். கணினி திருத்துகிற வேலை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திறப்பேன், தூசி தட்டுவேன், மூடுவேன். பாதிக் கணினிகள் அதிலேயே சுகமாகிவிடும். மற்றப் பாதியை நானா வந்து பார்ப்பார். திருத்தக் கொடுத்துவிட்டு ஆள் திரும்பி வராத பழைய பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதைத்தான் எங்கள் விளையாட்டுக்குச் சேர்வர் ஆக்கினோம்.

எந்த விளையாட்டு என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். கட்டி கட்டியாக ஒரு உலகம். தோண்டலாம், அடுக்கலாம், நினைத்ததைக் கட்டலாம். எவனோ ஒரு புண்ணியவான் அதற்கு ஒரு சேர்க்கை எழுதி இணையத்தில் விட்டிருந்தான். அதைப் போட்டால் விளையாட்டுக்குள்ளேயே கணினிகள் வரும். அவற்றில் நாங்களே நிரல் எழுதலாம், கதவு திறக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சேதி அனுப்பலாம். கணினிக்குள் கணினி. இதைக் கேட்டுவிட்டு பாசிலின் உம்மா, "வெளியில இரிக்கிறதயே உங்களுக்குத் திருத்த ஏலா, உள்ளுக்க வேறயா?" என்றார். நியாயமான கேள்விதான்.

அந்தக் கணினிகளுக்கெல்லாம் சட்டம் ஒரு சின்னக் கோப்பில் இருந்தது. ஒவ்வொரு கணினியும் எவ்வளவு சேமித்து வைக்கலாம், வெளி இணையத்தோடு பேசலாமா கூடாதா, வயர் இல்லாத மோடம் எத்தனை கட்டி தூரத்துக்கு எட்டும் என்று வரிவரியாக எண்களும் ஆம் இல்லைகளும். அதைத் திறந்து திருத்தும் அதிகாரம் எனக்கு. மாவட்டமே என் கையில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. முதல் நாளே பத்து இலட்சம் என்ற எண்ணைக் கமா போட்டு அழகாக எழுதிவைத்தேன். சேர்வர் எழும்பவே இல்லை. எண்ணுக்குக் கமா ஆகாது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுநாள் போனது.

இனித் தயாபரனைப் பற்றிச் சொல்லவேண்டும். கரடியனாற்றுக்காரன், என் கூட்டாளி. அவனுடைய அப்பா வட்டவிதானை. வட்டை என்கிற ஒரு வயல்வெளியில் எவருக்கு எந்த நாள் தண்ணீர், எந்த மடை எப்போது திறக்கும் என்று பார்க்கிற பொறுப்பு அவருக்கு. போகம் தொடங்குமுன் வட்டைக்காரர்கள் கூடிக் கையுயர்த்தி எல்லாவற்றையும் முடிவுசெய்வார்களே, அதேபோல எங்கள் செட்டிங்ஸையும் கூட்டம் வைத்துத்தான் முடிவுசெய்யவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். அப்படியே செய்தோம். ஆறு பேர், கடை வாங்கில் உட்கார்ந்து, வரிவரியாக வாசித்து, கை உயர்த்தி.

மோடம் வரியில் இரண்டு எண்கள் உண்டு. சாதாரண நாளில் எட்டுகிற தூரம் ஒன்று. இடிமழை நேரத்தில் எட்டுகிற தூரம் மற்றது. இரண்டும் அறுபத்து நாலு என்றுதான் வந்திருந்தது. நான் சொன்னேன்: "இடி முழங்கினா மட்டக்களப்பில எங்கடா சிக்னல்? சைபரப் போடுவம்." ஒரே சிரிப்பு. ஆறு கையும் உயர்ந்தது, இடிமழைத் தூரம் பூச்சியமானது. தயாபரன் இரண்டு கையையும் உயர்த்தினான்.

அந்த ஆண்டு அவனுக்குக் கொழும்பில் கணினி படிக்க ஒரு இடம் கிடைத்திருந்தது. அப்பா விடுவதாக இல்லை. மாரிப்போகம் தொடங்கப்போகிறது, ஒரே மகன், வயலுக்கு வா என்கிறார். தயாபரன் வாய் திறந்து வாதாடுகிற பிள்ளை அல்ல. அவன் என்ன செய்தான் தெரியுமா? விளையாட்டுக்குள் அப்பாவின் வட்டையை அப்படியே கட்டினான். வாய்க்கால், வரம்பு, பதினொரு மடை. மடைக்கு ஒரு கணினி. எல்லாவற்றையும் மோடம் வழியாக முறைவைத்துத் திறக்க நடுவில் ஒரு பெரிய கணினி. இதைப் பார்த்தால் தன் படிப்பு என்னவென்று அப்பாவுக்கு விளங்கும் என்று நம்பினான்.

ஆவணி வெயிலில் ஒருநாள், நான் மாமா என்று கூப்பிடும் தயாபரனின் அப்பா, அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு அலுவலாக வந்தவர் கடைக்கு வந்தார். குடையைச் சுவரில் சாத்திவிட்டு திரைக்கு முன் இருந்தார். தன் வயலைக் கண்டதும் முன்னால் குனிந்தார். "இது நம்மட மேட்டுவாய்க்கால் எலுவா?" என்றார். தயாபரனுக்கு முகமெல்லாம் பல். கட்டளையை அடித்தான். அந்த நேரம் பார்த்து விளையாட்டுக்குள் இடி முழங்கியது. மழை கொட்டியது. பதினொரு மடையில் ஒன்றும் அசையவில்லை.

என்னுடைய சைபர்! இடிமழையில் மோடம் எட்டவில்லை. மழையை நிறுத்த ஒரு கட்டளை போதும். கை விசைப்பலகைக்குப் போய்விட்டது.

"பொறு தம்பி, தொடாத" என்றார் மாமா. அந்த மழையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "மழ பெய்யக்குள்ள ஒரு மடையும் தொறக்கல்ல, பாத்தியா? வானத்துத் தண்ணியும் வாய்க்கால் தண்ணியும் சேந்தா வரம்பு நிக்குமா? இத இவனுக்கு ஆரு சொல்லிக் குடுத்த?"

தயாபரன் என்னைப் பார்த்தான். நான் கூட்டாளிக்கு உதவுகிறேன் என்று நினைத்து, "அவனாத்தான் யோசிச்சு வெச்ச, மாமா" என்றேன். மாமா பாசிலையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் பிளேன்ரீயும் கேக்கும் வாங்கித் தந்தார். காரியம் பழம் என்று பாசில் கண்ணைக் காட்டினான்.

மூன்றாம் நாள் தயாபரன் போன் எடுத்தான். "மச்சான், எல்லாம் தலகீழாப் போயிட்டு. இவ்வளவு வெளங்கினவன் என்னத்துக்குக் கொழும்புக்குப் போற எண்டு அப்பா கேக்கார். அடுத்த வட்டவிதானை என்ட மகன்தான் எண்டு வயல் முழுக்கச் சொல்லித் திரியிறார்." பிறகு சொன்னான்: "என்னப் பத்தி அவர் இப்பிடிக் கதைச்சு நான் கேட்டதே இல்ல. விடு மச்சான். நான் ஊரிலயே நிக்கிறன்."

அந்தக் குரலில் துக்கம் பாதி, சந்தோசம் பாதி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் நானாவின் மோட்டார்சைக்கிளை இரவல் வாங்கி, தயாபரனுக்குச் சொல்லாமல் கரடியனாற்றுக்குப் போனேன். மாமா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்ட மகன்ட கூட்டாளி" என்று பக்கத்து வயல்காரருக்குக் காட்டினார்.  அந்த ஆள் போனபின், மழையில் மடை திறக்காததன் காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப அது அவன்ட புத்தி இல்லையா?"

"இல்ல மாமா. நான் பகிடிக்குப் போட்ட சைபர்."

"மழக்குள்ள மடை தொறக்கக்கூடா எண்டு அவனுக்குத் தெரியாதா?"

"கணக்கும் நிரலும் நல்லாத் தெரியும் மாமா. இது தெரியா."

கழுவிய காலையே அவர் திரும்பவும் கழுவினார். பிறகு எழும்பினார். "அப்ப கொழும்புக்கே போகட்டும். அவனுக்கு அதான் சரி" என்றார். நான் வண்டியை எடுக்கும்போது பின்னால் வந்தார். "மனே, நீ வந்து சொன்னயெண்டு அவனுக்குச் சொல்லாத. நல்லாச் செஞ்சிருக்காய், அதப் பாத்துத்தான் விடுறன் எண்டு நான் சொல்லுவன்."

அப்படியே சொன்னார். தயாபரன் போனான். கொழும்பு, பிறகு கனடா. நானா கடையை மூடியபோது அந்தப் பெட்டியின் டிஸ்க்கை அழித்துக் கொடுத்தவனும் நான்தான். ஒரு கொப்பி எடுத்துவைக்கத் தோன்றவில்லை, அப்படியொரு மடையன். அந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். மாமா போய் இரண்டு வருடம். வட்டைக்கு வேறு விதானை.

போனமாதம் தயாபரன் அழைத்தான். மகளுக்குக் காட்ட அந்த வட்டை எங்காவது கிடக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்பா அதப் பாத்துத்தானே மச்சான் என்ன விட்டவர்" என்றான். "ஒண்டு மட்டும் வெளங்கல்ல. மூணு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மனுசன், மறுகா அதப் பத்தி வாயே தொறக்கல்ல. சாகும்வரைக்கும். நான் போற கவலையாக்கும், என்ன?"

தமிழில் எழுதியது எதையும் அவன் வாசிப்பதில்லை, அந்தத் துணிச்சலில்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். மகனைப் பற்றி வயலெல்லாம் சொல்லித் திரிந்த அந்த மனிதர் மூன்று நாள்தான் இருந்தார். அவரை இல்லாமல் ஆக்கியவன் நான்.

"ஓம் மச்சான்" என்றேன். "நீ போற கவலதான்."