கிரில்லுக்குள் சாமந்தி

பன்னிரண்டு வருடப் பழைய கார். இன்று ஏசியில் அனல்தான் வந்தது.

"கம்ப்ரஸர் போயிடுச்சு சார். முப்பதாயிரம் ஆகும்," என்றார் மார்டள்ளி ஊரைச் சேர்ந்த மெக்கானிக்.

போன வருடம் இந்தக் காரை எனக்கு விற்ற விஜயநகர் ரிட்டையர்டு வாத்தியாருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "ஏசிக்கு முப்பதாயிரம் செலவாம்! ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டீங்களே சார்!" என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குள் மெக்கானிக் முன்பக்கக் கிரில்லைக் கழற்றி, உள்ளே அடைத்துக் கிடந்த காய்ந்த சாமந்தியைக் கை கையாக அள்ளிப் போட்டார்.

"ஆயுத பூஜை மாலையை அப்படியே விட்டுட்டீங்களா? காத்து போக வழியில்லாம சூடாகித்தான் செத்துருக்கு."

கட்டியது நான்தான். தானாக உதிரும்வரை மாலையைக் கழற்றக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டதும் நான்தான்.

இப்போது வாத்தியாரிடமிருந்து மெசேஜ்: "பாதிச் செலவு நான் தரேன்பா. தப்பா நினைக்காதே."

அரை மணி நேரமாகப் பதிலை டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?