மெஷினுக்கு லீவு கொடுத்த நாள்

எங்கள் அம்மா இங்கிலீஷ் கற்றுக்கொண்ட வருஷத்தில் வீட்டில் யாருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. உப்பு வேண்டும் என்று கேட்டால் போதாது. யாருக்கு வேண்டும், என்ன வேண்டும் என்று இரண்டையும் இங்கிலீஷில் சொன்னால்தான் கிண்ணம் நம் பக்கம் நகரும்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைலர். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக ஒரே மெஷின், ஒரே ஸ்டூல். அந்த வருஷம் அவள் லைனுக்கு, அதாவது அவள் உட்காரும் மெஷின் வரிசைக்கு, புது சூப்பர்வைசர் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சட்டைகளை வாங்கும் வெள்ளைக்காரர் வந்து ஏதாவது கேட்டால் நாலு வார்த்தை பதில் சொல்லத் தெரிந்தவர்தான் வேண்டுமாம். அந்த வெள்ளைக்காரரைக் கம்பெனியில் ‘பையர்’ என்பார்கள். அம்மா எட்டாவதோடு நின்றவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அங்கே இலக்கணம் எதுவும் நடத்தவில்லை. கொடு, காட்டு, அனுப்பு, சொல்லு, கொண்டு வா என்று இருபது சொற்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் முதலில் ஆள், அடுத்தது பொருள். ‘கிவ் மீ த நீடில்.’ ‘ஷோ ஹர் த காலர்.’ ஆளையும் பொருளையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு லைன் முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று அம்மா கண்டுபிடித்தாள். இப்போது யோசித்தால் சரியான கண்டுபிடிப்புதான். கம்பெனி என்ற இடத்தில் வேறென்ன நடக்கிறது, ஒருவர் இன்னொருவருக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

இருபது சொற்களும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏறி அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொண்டன. ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு அலுத்து வந்து உட்காரும் அப்பாதான் முதல் பலி.

“இன்னாடி இது, நம்ம ஊட்ல வெள்ளைக்காரன் எவனாச்சும் குந்திகினு கீறானா?” என்றார் ஒரு நாள்.

அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. “பாஸ் யுவர் ஃபாதர் த ரசம்” என்று என்னிடம் சொன்னாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம் என்ற திமிர் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. அம்மாவுக்கு ஒத்திகை வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவேன், நான்தான் பையர். அம்மா எதிரில் நின்று, சார், உங்களுக்கு சாம்பிள் காட்டுகிறேன் என்று இங்கிலீஷில் சொல்வாள். பொருளுக்கு முன்னால் ஒரு ‘த’ விட்டுப்போனால் ஸ்கேலால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டுவேன். பத்து மணி நேரம் தைத்துவிட்டு வந்தவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆயுத பூஜை வந்தது. அன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே வரலாம் என்பது கம்பெனி வழக்கம். அப்பா தன் ஆட்டோவுக்கு மாலை போட ஸ்டாண்டுக்குப் போய்விட்டதால் அம்மாவும் நானும் மட்டும் போனோம். வாசலில் வாழைக்கன்று, தரையில் உடைத்த பூசணிக்காய். உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். அம்மாவின் மெஷின் மேல் வாழை இலைத் துண்டு விரித்து, அதில் அவளுடைய கத்தரிக்கோலை வைத்திருந்தார்கள். அதன் கைப்பிடியில் அவள் அடையாளத்துக்குச் சுற்றியிருந்த சிவப்புத் துணியிலும் ஒரு பொட்டு. கற்பூரம் காட்டியாகிவிட்டது. இனி மறுநாள் காலை வரை எந்த ஆயுதத்தையும் யாரும் எடுக்கக்கூடாது, முதலாளியாக இருந்தாலும்.

அன்றைக்குப் பார்த்து பையரும் வந்திருந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், ஆறடிக்கு மேல் உயரம். மேனேஜர் பின்னாலேயே கைகட்டி வந்தார். அம்மாவின் மெஷின் அருகே மாட்டி வைத்திருந்த சாம்பிள் சட்டையின் காலரில் ஒரு நூல் தொங்கியது பையர் கண்ணில் பட்டுவிட்டது. சட்டையைக் கையில் எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். இலையின் மேலிருந்த கத்தரிக்கோலையும் எடுத்து விரல்களை நுழைத்துக்கொண்டார்.

பெண்கள் பக்கமிருந்து ‘ஐயையோ’ என்று ஒரு குரல் கேட்டது. பூஜை வைத்தவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பையரைப் பார்த்துச் சிரித்தார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“கிவ் மீ த சிஸர்ஸ், சார்.”

பையர் அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை அவள் கையில் வைத்தார். அம்மா அதை இலையில் கிடந்தபடியே திருப்பி வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“டுடே வீ கிவ் மெஷின் லீவ்” என்றாள்.

அதோடு விடவில்லை. சட்டையையும் அவர் கையிலிருந்து வாங்கி, அந்த நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, காலரை நீவிவிட்டு, “ஐ கிவ் யூ த ஷர்ட்” என்று திருப்பிக் கொடுத்தாள். பையர் ஒரு கணம் விழித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்து, மெஷினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ரசம் கேட்கப் பழகிய அதே இங்கிலீஷ்தான். அதைக் கேட்டு ஆறடி வெள்ளைக்காரர் சொன்னபடி செய்கிறார். எங்கள் அம்மாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். மேனேஜர் அவளைப் பார்த்த பார்வை என் கண்ணில் பட்டது, மனதில் பதியவில்லை.

பஸ்ஸில் அம்மா மடியிலிருந்த பொரிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பொரி சிந்திவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நான் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அப்பா இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அவர் கைல கீறதையா கேட்டு வாங்கினே?” என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார்.

“என் கத்தரிக்கோல்” என்றாள் அம்மா.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் வேலை பக்கத்து லைன் பெண்ணுக்குப் போயிற்று. ஆயுத பூஜை அன்று கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நின்றவள் அவள். அம்மா அதே ஸ்டூலுக்குத் திரும்பினாள். காலண்டர் தாள் அடுப்புப் புகையில் பழுப்பேறியது. நான் பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ‘மெஷின்’ என்ற சொல்லுக்கு முன்னால் அம்மா ‘த’ போடவில்லை, சூப்பர்வைசர் வேலை கிடைக்காமல் போனது அதனால்தான். இன்னும் நன்றாகத் தட்டி ஒத்திகை வைத்திருக்க வேண்டும் என்று அவளிடம் அழுதேன்.

“உம்மேல இன்னா தப்பு கீது, பாப்பா? சோத்தைத் துன்னு” என்றாள்.

இன்று அதே எஸ்டேட்டில், கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தில் எனக்கு வேலை. காலை முதல் மாலை வரை இங்கிலீஷில்தான் பேச்சு. எனக்கு இதை அனுப்புங்கள், உங்களுக்கு அதைக் காட்டுகிறேன் என்று ஓயாமல் சொல்கிறேன், ஒரு ‘த’ கூட விட்டுப்போவதில்லை. போன மாதம் மீட்டிங்கில் நான் ஆறு வாரம் உழைத்துச் செய்த வேலையை என் மேலதிகாரி தன்னுடையது என்று எடுத்துக் காட்டினார். திருப்பிக் கேட்க வேண்டிய வாக்கியம் முழுசாக என் நாக்கு நுனியில் இருந்தது. எல்லோரையும் போலச் சிரித்துக் கை தட்டினேன். அம்மா அன்று செய்ததில் கஷ்டமானது இங்கிலீஷ்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.