ஏறக் கூடாத லொறி

கண்டியில் லொறி விற்கும் கம்பெனி ஒன்றின் வேர்க்‌ஷொப்பில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தேன். கடைசி ஆறு வருஷம் ஃபோர்மன். நின்றுபோன லொறியை மலையேற வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஏறுகிற லொறியை நிற்க வைக்கச் சொன்னது ஒரே ஒரு தடவை.

இறக்குமதியாகும் லொறிகளில் ஒரு பங்கு மின்சார லொறியாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி கொண்டுவர யோசித்துக்கொண்டிருந்தது. புகை குறைந்தால் காலநிலைக்கு நல்லது என்பது கணக்கு. எங்களுக்கு லொறி அனுப்பும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை; அவர்களுக்கு லாபம் டீசல் லொறியில். இத்தனைக்கும் அவர்களே மின்சார லொறியும் செய்கிறார்கள். அதன் விளம்பரத் தாளில் 'எந்த மலையும் ஏறும்' என்று போட்டிருந்தது. அமைச்சுக்குப் போன கடிதத்தில் 'மலைநாட்டுக்கு உதவாது' என்று இருந்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. எங்கள் கொழும்பு ஒஃபிஸில் நிமலன் என்ற பொலிஸி மெனேஜர். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர்.

உதவாது என்பதை அமைச்சின் குழுவுக்கு நேரில் காட்ட ஒரு மின்சார லொறியை எங்களிடம் அனுப்பினார்கள். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலை ஃபெக்டரியில் முழுப் பாரம் ஏற்றி, கம்பளைப் பக்கம் இறங்கி, திரும்பி ஏற வேண்டும். வழியில் சார்ஜ் தீர்ந்து நிற்க வேண்டும். "சார்ஜ் பத்து வீதம் மட்டும் விடுங்கோ, போர்மன். ஏறுறதுக்குக் குறைஞ்சது பதின்மூண்டு வீதம் வேணும்," என்றார் நிமலன். 'பாதி வழியில் நின்றுவிட்டது' என்று அறிக்கைகூட டைப் ஆகியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

ட்ரைவர் மரியதாஸ். மடுல்கெல்லத் தோட்டத்துப் பையன், ஆறு வருஷமாகத் தற்காலிகம். லொறி நின்றால் வேலை நிரந்தரம் என்று நிமலன் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

காலையில் ஃபெக்டரி வாசலில் அவன் கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணை மூடி நின்றான். வேதக்காரனானாலும் பழம் வைக்காமல் எந்த ட்ரைவரும் புது வண்டியை எடுக்க மாட்டான்.

"என்ன கும்பிட்டனீர்?" என்றார் நிமலன்.

"வண்டி நல்லபடியா ஏறணும்னு, சார்."

"ஏறக் கூடாதெண்டு எல்லோ சொன்னனான்?"

"அப்பிடி சாமிகிட்ட எப்பிடி சார் கேக்குறது?"

குழுவினரை மேலேயே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். நானும் மரியதாஸும் இறங்கினோம். பத்து நிமிஷத்தில் அவன் மீட்டரைக் காட்டினான்.

"அண்ணே, பத்துல இருந்தது பன்னெண்டு ஆயிருச்சு. எறங்க எறங்க நெறம்புது."

மின்சார லொறி இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். பாரம் கூடினால் சார்ஜும் கூடும். அது வண்டியோடு வந்த புத்தகத்தில் தெளிவாக இருந்தது. வண்டி கெடும்வரை புத்தகத்தைத் திறப்பது டீசல்காரர்களான எங்களுக்கு வழக்கமில்லை. நிமலனும் விளம்பரத்தை எழுதினாரே தவிரப் புத்தகத்தைப் படிக்கவில்லை. லொறியை நிறுத்த அவர் ஏற்றிய பாரமே அதற்குத் தீனி போட்டது. அடிவாரத்தில் மீட்டர் பதினேழு காட்டியது.

திரும்பி ஏறினோம். எனக்கு அவன் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். "இந்த வளைவுல நிப்பாட்டிரு மரியதாஸ். சார்ஜ் தீந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றேன்.

"பின்னால பஸ் வருதுண்ணே."

அடுத்த வளைவில் பஸ் இல்லை. அதையும் சொன்னேன்.

"வண்டி நல்லா ஏறுதுண்ணே. நிப்பாட்ட கை வரல."

அவனை மேற்கொண்டு வற்புறுத்த எனக்கும் மனம் வரவில்லை. மீட்டரில் மூன்று மிச்சம் இருக்க, ஃபெக்டரி வாசலில் போய் நின்றோம். குழுவினர் எழுந்து கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் நிமலனும் தட்டினார்.

பழைய அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நிமலன் கோபிக்கவில்லை. அடுத்த வாரம் புது அறிக்கை வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பாரம், சார்ஜ், ஏற்றம் எல்லாம் நடந்தது நடந்தபடியே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது, விதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துக்கு நேர் மேலே கடைசி வரி: 'இவ்வளவு நல்ல லொறியை மக்கள் தாமாகவே வாங்குவார்கள், ஆகவே விதி தேவையில்லை.' நின்றிருந்தாலும் விதி வேண்டாம், ஏறினாலும் வேண்டாம். நாங்கள் மலையேறியதே வீண்.

கொழும்புக்குப் போன் போட்டு மரியதாஸின் வேலையைப் பற்றிக் கேட்டேன். "வண்டி நிக்கேல்லையே, போர்மன்," என்றார் நிமலன், மரியாதையாகவே.

வேர்க்‌ஷொப்பில் சேரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். கையெழுத்துக் கேட்கும் காகிதத்தைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். அன்று அவர்களுக்கு வேண்டியது என் கையெழுத்து ஒன்றுதான். அதை வைத்து மரியதாஸின் வேலையைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அது இன்றும் என்னை அரிக்கிறது.

மரியதாஸ் இப்போது அதே ரோட்டில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். டீசல்தான், கரும்புகை கக்குகிறது. போன மாதம் புசல்லாவையில் தேநீர்க் கடையில் கண்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"விடுங்கண்ணே," என்றான். "நானும் அன்னைக்கி சாமிகிட்ட வண்டி ஏறணும்னு மட்டுந்தானே கேட்டேன்."