சகலனின் இடுப்பில் இல்லாத துப்பாக்கி

போன வெள்ளிக்கிழமை டெக்சாஸிலிருந்து என் சகலன் ரஞ்சன் வந்து இறங்கினான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு சட்டையின் வலப்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். காரில் ஏறும்போது இழுத்தான். ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது இழுத்தான். சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதும் ஒரு இழுவை...

என் மனைவி வசந்திக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது.

"என்ன ரஞ்சன், இடுப்பிலை ஏதும் புண்ணோ? எண்ணெய் கிடக்கு, தரட்டே?"

"சீச்சீ, பழக்கம் மச்சாள். அங்கையெண்டால் உதிலை எப்பவும் துவக்கு இருக்கும். வெளியிலை தெரியாமல் சட்டையை இழுத்துவிட வேணும். போடரிலை கொண்டுவர விடாங்கள் எண்டு வீட்டிலை வைச்சிட்டு வந்தனான். உடுப்பில்லாமல் நிக்கிற மாதிரிக் கிடக்கு."

இந்த மனிதன் யார் தெரியுமா? துப்பாக்கிகளுக்குப் பயந்து, போர் நடந்த எங்கள் ஊரைவிட்டு ஓடியவன். அமெரிக்க அதிகாரிகளிடம் அப்படித்தான் சொன்னான். அவர்களும் நம்பி உள்ளே விட்டார்கள். உள்ளே போனவன் முதலில் வீடு வாங்கினான், பிறகு ட்ரக் வாங்கினான், அதற்குப் பிறகு துப்பாக்கி வாங்கினான்!

ரஞ்சன் சும்மா வரவில்லை. சமாதானத் தூதுவராக வந்திருந்தான். என் மகள் அபிராமிக்கு டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. இரசாயனவியல். அவள் விரும்பும் ஆராய்ச்சியைச் செய்யும் பேராசிரியை அங்கேதான் இருக்கிறார். ரொறன்ரோவிலும் இடம் உண்டு, ஆனால் அது அவளுடைய இரண்டாவது விருப்பம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போக விரும்பினாள். நாங்கள் நித்திரை கொள்ளாமல் கிடந்தோம்.

காரணம் அந்த மாநிலத்துச் சட்டம். உரிமம் வைத்திருப்பவர்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம். ஒரே ஒரு நிபந்தனை – அது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால்தான் குற்றம். நம் வீடுகளில் பிள்ளைகளின் காதலுக்கு இருக்கும் அதே சட்டம். இருக்கலாம், பெரியவர்களின் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். ரஞ்சன் பிரசாரத்தைத் தொடங்கினான்.

"எல்லாரிட்டையும் துவக்கு இருந்தால் ஒருத்தரும் சுடமாட்டாங்கள், அண்ணை. ஒருத்தருக்கு ஒருத்தர் பயம் இருக்கும். அதுதான் சேஃப்டி."

"பயம்தான் சேஃப்டியோ?"

"பின்னை?"

அபி இடியப்பத்தைப் பிசைந்தபடி கேட்டாள். "சித்தப்பா, எல்லாரும் பயந்துகொண்டு இருந்தால், ஹூ இஸ் டூயிங் த கெமிஸ்ட்ரி?"

அவளுக்கு முதல் வருடமே ஆய்வுகூட வகுப்பு எடுக்கும் வேலையும் உண்டு. விடைத்தாளும் திருத்த வேண்டும். மார்க் குறைந்த மாணவன் ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறான் என்று வையுங்கள். அவனுடைய பைக்குள் என்ன இருக்கிறது? கேட்க முடியாது. கேட்பது அநாகரிகமாம். நானாக இருந்தால் என்ன செய்வேன்? வகுப்பு முழுவதற்கும் ஏ போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பெற்றோர் துப்பாக்கியோடு வரலாம் என்றால்? தொண்ணூற்றெட்டு எடுத்த பிள்ளையின் தாய், மிச்சம் இரண்டு எங்கே என்று வெறுங்கையோடு கேட்கும்போதே ஆசிரியருக்கு வியர்க்கிறது. கலைவிழாவில் எந்தப் பிள்ளை முன்வரிசையில் ஆடுவது என்பதை எப்படி முடிவு செய்வது? ஒரு வருடத்தில் ஆசிரியர்கள் மிஞ்சமாட்டார்கள், அல்லது எல்லாப் பிள்ளைகளும் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

"ரொறன்ரோவிலை மட்டும் வெடி கேக்கிறேல்லையோ?" என்று ரஞ்சன் மடக்கினான்.

கேட்கிறதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள் என்று இங்கே யாரும் சட்டம் எழுதவில்லையே!

பேச்சை மாற்றுவதற்காக என் கதை ஒன்றைச் சொன்னேன். கனடாவுக்கு வந்த புதிதில் நடந்தது. ரெக்ஸ்டேலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. பின்னால் பொலிஸ் கார் லைட்டைப் போட்டது. நிறுத்தினேன்.

ஊரில் ராணுவச் சோதனைச் சாவடியை நாங்கள் சென்றி என்போம். சென்றிக்குக் கிட்ட வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போக வேண்டும். இறங்காமல் இருப்பவன்தான் சந்தேக நபர். அந்த அடையாள அட்டைக்கு எங்கள் வீடுகளில் ஐசி என்று பெயர். வசந்தி இன்றைக்கும் பால் வாங்கப் போகிறவரிடம்கூட "ஐசி எடுத்தனியளோ?" என்று கேட்பாள்.

ஆகவே நான் என்ன செய்தேன்? மரியாதையாகக் காரைவிட்டு இறங்கினேன். தொப்பியைக் கழற்றினேன். சட்டைப் பைக்குள் கையை விட்டபடி பொலிஸ்காரனை நோக்கி விறுவிறு என்று நடந்தேன்.

அவன் சின்னப் பொடியன். முகம் வெளிறிவிட்டது. கை இடுப்புக்குப் போய்விட்டது. நில், கையை எடு, காருக்குள் போ – என்று மாறி மாறிக் கத்தினான். எந்தக் கட்டளையை முதலில் நிறைவேற்றுவது என்று தெரியாமல் நான் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவனுக்கும் பயம், எனக்கும் பயம். பின்விளக்குக்கு அபராத ரிக்கெட்டை எழுதித் தந்துவிட்டுப் போனான்.

எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை.

"அங்கையெண்டால் சுட்டிருப்பாங்கள் அண்ணை," என்றான். அதைச் சொன்னபோது அவன் குரலில் ஒரு பெருமை! தங்கள் ஊரில் ரயில் நேரத்துக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

வசந்தி மகளைப் பார்த்தாள். எனக்கும் அதே நினைப்புத்தான். ஊரில் எங்களைக் காப்பாற்றிய பழக்கம் – பைக்குள் சட்டென்று கையை விடுவது – எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொற்றியிருக்கிறது. அபிக்கும்தான். யூனிபோர்ம் போட்ட யாரைக் கண்டாலும் அவள் கை பேர்ஸுக்குள் போய்விடும். எல்லோரிடமும் துப்பாக்கி இருக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிற இடத்தில் அந்தக் கையை யார் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்த பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கியோடு பலர் வந்திருக்கிறார்கள். வேறு வேறு உடுப்பில், வேறு வேறு மொழியில். எல்லோருமே எங்கள் பாதுகாப்புக்காகத்தான் வந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் நிற்கும்வரை கணக்கு வாத்தியார் சோக்குக் கட்டியை எடுக்கமாட்டார். போன பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கமாட்டார். அன்றைய பாடம் அன்றைக்கு நடக்காது.

சனிக்கிழமை முழுக்க ரஞ்சனிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். ட்ரக்கை விட்டு இறங்காத மனிதன், எங்கள் தெருமுனை பஸ் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டான். பனிக்காலத்திலும் வருமோ? அபியின் அறையை எட்டிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்து மூடினான். "ஹீட்டர் நல்லா வேலை செய்யுதோ பிள்ளை?" என்றான். அபி போன பிறகு நாங்கள் தனித்துவிடுவோம் என்ற கவலை போலும் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவன்தான், பாவம்... என்றும் நினைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு முடிந்தது. அபி மேலே போய்விட்டாள். ரஞ்சன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, எங்கடை நிலாவுக்கு இங்கை ரொறன்ரோவிலை யூனிவர்சிட்டி கிடைச்சிருக்கு."

நிலா அவனுடைய ஒரே மகள்.

"நல்ல விசயமெல்லோ! ஏன், அங்கை கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது. அபி வரப்போற அதே யூனிவர்சிட்டிதான்."

"பின்னை?"

அவன் தண்ணீர்க் கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்தான். "பக்கத்துக் கதிரையிலை இருக்கிறவன்ரை பைக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும் அண்ணை? அவள் வகுப்புக்குப் போய் வரும்வரைக்கும் நான் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாது. எனக்குப் பயமாக் கிடக்கு." கிளாசை மேசையில் வைத்தான். "அதுதான் யோசிச்சனான்... அபி அங்கை வந்திட்டால் அவளின்ரை அறை சும்மாதானே கிடக்கும்?"

இரண்டு நாட்களாக எங்கள் மகளுக்குச் சேஃப்டி பற்றி வகுப்பு எடுத்தவன்! கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. பயப்படுவது நான் மட்டுமில்லை. இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவனும் பயப்படுகிறான்.

வசந்தி கேட்டாள். "அப்ப என்ரை பிள்ளை, ரஞ்சன்?"

"அபி கெட்டிக்காரி மச்சாள்... சமாளிப்பாள்."

சொல்லிவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வசந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

படியில் அபி நின்றாள். எப்போது இறங்கி வந்தாளோ தெரியாது. கையில் வெறும் தேத்தண்ணீர்க் கோப்பை.

"சித்தப்பா, நிலாவை வரச் சொல்லுங்கோ. என்ரை ரூமிலை இன்னொரு கட்டில் போடலாம். வீ கேன் ஷெயார்."

குசினிக்குப் போய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி மேலே போனாள். அதுதான் அவளுடைய பதில் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை அந்தப் பேராசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நாங்கள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அன்றிரவு அவள் சாப்பிட இறங்கி வரவில்லை. வசந்தி தட்டை மேலே கொண்டுபோனாள். கறி அப்படியே திரும்பி வந்தது. அவள் ஆசைப்பட்டது அந்த ஆய்வுகூடத்துக்கு. யாரும் யாரையும் சுடவில்லை. துப்பாக்கியை நாங்கள் கண்ணாலும் காணவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டாள். இதை எந்த விவாத மேடையில், யாருடைய கணக்கில் எழுதுவார்கள்?

நேற்று ரஞ்சனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வெளிக்கிடும்போது வசந்தி வழக்கம்போல ரஞ்சனிடமும் ஐசி எடுத்தீர்களா என்று கேட்டாள். அந்த மட்டில் அவள் கோபம் ஆறியிருந்தது என்று வையுங்கள். உள்ளே போவதற்கு முன் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப, எல்லாரிட்டையும் துவக்கு இருந்தால் சேஃப் எண்டனீர்?"

"ஓமண்ணை. அதிலை மாற்றமில்லை," என்றான் ரஞ்சன், சட்டையை இழுத்துவிட்டபடி. "ஆனா நிலா வந்தால், இருட்டினாப் பிறகு பஸ் ஸ்ரொப்புக்கு நீங்கள் ஒருக்காப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ, என்ன?"

கருத்து பத்திரமாக டெக்சாஸுக்குத் திரும்பிவிட்டது... பிள்ளை மட்டும் செப்டெம்பரில் இங்கே வருகிறாள்!