லாபம் என்று எண்ணிய முதல் நூறு சுற்று

எரிந்த வார்னிஷ் வாடைக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை வருஷம் மூடி வைத்தாலும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். போன மாசம் என் மகள் மலர், பீரோ மேல் கிடந்த பழைய மரப்படகின் மேல்பலகையை நெம்பித் திறந்தபோது அந்த வாடை வந்து என் மூக்கில் ஏறியது. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுபோனது. அந்தப் படகுக்குள் எரிந்த வாடை வரக் காரணமே கிடையாது. அதை ஓட்டியது நான் செம்புக் கம்பி சுற்றிக் கட்டிய மோட்டார் காயில். நான் கட்டிய காயில் எரியாது. இப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஊர் முழுக்க என்றால் பேச்சுக்குச் சொல்லவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது மருந்து ஊற்ற வந்த நர்ஸ் பெண்ணையும் விடவில்லை. "அம்மா, பேசாதீங்கம்மா, கண்ணு ஆடுது" என்று அந்தப் பெண் கெஞ்சியது. படகு அக்கரை சேரும்வரை நான் நிறுத்தவில்லை.

உங்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கை ஏன் நின்றது என்று விளங்காது.

அறந்தாங்கியில் என் வீட்டுக்காரர் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் பம்புசெட் மோட்டார் சூடேறி எரிந்துபோகும். மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக்கம்பி சுற்றிச் சொருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் கடை வாசல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நான் மத்தியானச் சோறு கொண்டுபோனவள்தான். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்காரப் பிடிக்காமல் கம்பி சுற்றிக் கொடுத்தேன். பிறகு காலையிலேயே போக ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், ஆனால் என் விரலுக்குக் கணக்குத் தப்பாது என்று ஒரு நினைப்பு. மலர் சின்னப்பிள்ளையில் என் சேலையை முகர்ந்து "அம்மா வாசம்" என்பாள். மற்ற பிள்ளைகளுக்கு அது மஞ்சள் வாசமாக இருக்கும். என் பிள்ளைக்கு வார்னிஷ்.

எண்ணும்போது நான் "ஒண்ணு" என்று தொடங்கமாட்டேன். எங்கள் அப்பா களத்தில் நெல் அளந்தவர். முதல் மரக்காலுக்கு "லாபம்" என்பார், அதற்கப்புறம்தான் "ரெண்டு". கூடவே நின்று எனக்கும் அந்த வாய் வந்துவிட்டது. கம்பி சுற்றினாலும் "லாபம், ரெண்டு, மூணு" தான். என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"ஏ புள்ள, காயில் கட்டுறதுல ஏது லாபம்? ஒழுங்கா ஒண்ணுன்னு சொல்லு."

"ஒங்க வாய்ல ஒண்ணு வரட்டும், எங் கடையில லாபம் வரட்டும்" என்பேன். எங் கடையாம்! அந்த வயசில் அவ்வளவு திமிர்.

படகு வந்தது அப்போதுதான். மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர் மேசை விசிறியைக் கொடுக்க வந்தவர், அதையும் பைக்குள்ளிருந்து எடுத்தார். ஒரு முழ நீளம். மேலே வெள்ளை, அடியில் சிவப்பு. பின்னால் மூன்று இலை வைத்த பித்தளைக் காத்தாடி. சாவி கொடுத்தால் ஓடுகிற படகாம். சாவி தொலைந்து, உள்ளே இருந்த சுருள்வில் துருவேறி இறுகிக் கிடந்தது.

"ஓடுனா ஓட்டுங்க. இல்லாட்டி ஒங்க புள்ள வெளையாடட்டும்" என்று விட்டுப்போனார். மலர் அப்போது என் வயிற்றில் ஆறு மாசம்.

ஏதோ பொம்மைக் காரில் கழற்றிய சின்ன மோட்டார் ஒன்று எரிந்துபோய்க் கடையில் கிடந்தது. வில்லைத் தூக்கிவிட்டு அந்த மோட்டாருக்குக் காயில் கட்டி வைத்தால் டார்ச் பேட்டரிக் கட்டையில் படகு ஓடும் என்று என் வீட்டுக்காரருக்கு யோசனை. அதைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அரிமளத்துப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர் மோட்டாரோடு வந்து இறங்கினார். நான் கம்பி சுற்றுவதை நின்று பார்த்தார்.

"என்னப்பா, எம் மோட்டாருக்கும் இந்தப் புள்ளதான் கட்டப்போகுதா?"

"ஆமாங்க."

"நல்லாருக்கே! கதம்பம் கட்டுற கையில காயிலக் குடுத்திருக்க. கெணத்துல எறக்குனா தண்ணி வருமா, மல்லியப்பூ வருமா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் கொதித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் அந்தப் படகைத் தூக்கிக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழம ஊருணிக்கு வாங்க. இவ கட்டுற காயில்ல இந்தப் படகு அக்கரைக்குப் போகும். போகலைன்னா இவ இனிமே கம்பியத் தொடமாட்டா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாரக் கேட்டு வாக்குக் குடுத்தீக?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போகும் புள்ள" என்றார். அவ்வளவுதான் பதில்.

பம்புசெட் காயிலில் சுற்று கொஞ்சந்தான், வாயாலேயே எண்ணிவிடலாம். இந்தச் சின்ன மோட்டார் வேறு ஜாதி. நடுவில் சுழல்கிற தண்டில் இரும்பில் மூன்று கை இருக்கும். ஒவ்வொரு கையிலும் தலைமுடி கனத்துக் கம்பியை முந்நூறு சுற்று சுற்ற வேண்டும். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க நூற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தேன். மூன்று கொட்டை சேர்ந்தால் ஒரு கை முடிந்தது. கட்டி முடித்துச் சுழலவிட்டபோது மோட்டார் கையில் நிற்காமல் உதறியது. "மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் சனிக்கிழமை. நான் கடைக்குப் போகவில்லை. செம்புக் கம்பி வாங்க வேண்டும் என்று அவர் திருச்சிக்குப் பஸ் ஏறிப்போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெறுங்கையோடு வந்தார். "கடை சாத்திக் கெடக்கு" என்றார். கதையில் இந்த இடம் வந்தால் நான் ஒரு நிறுத்து நிறுத்துவேன். "திருச்சிக்குப் போயி கம்பியே இல்லாம வந்த காயில் கடைக்காரர் எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்" என்பேன். பந்தியே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருணியில் நல்ல கூட்டம். அவர் அக்கரையில் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றார். வயிற்றுப் பிள்ளையோடு குனிந்து நான் படகை விட்டேன். ஒரு கோணல் இல்லை. கோடு போட்ட மாதிரிப் போய் அவர் கையில் ஏறியது. அரிமளத்துக்காரர், "எங்க, அதக் கவுத்து உள்ள என்ன இருக்குன்னு காட்டு பாப்போம்" என்று கரையைச் சுற்றி நடந்தார். "நனைஞ்சா காயில் கெட்டுரும்ங்க" என்று என் வீட்டுக்காரர் படகைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். தண்ணீர் ஏறக்கூடாது என்று மேல்பலகையை ஆணி அடித்து, மேலே வார்னிஷ் பூசி மூடினார். அப்புறம் எத்தனையோ தடவை, புள்ளைக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்களேன் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்றே போய்விட்டது.

அடுத்த வாரமே அரிமளத்துக்காரர் சொல்லியனுப்பினார். "அந்தப் புள்ள கையாலயே கட்டச் சொல்லு." அதிலிருந்து கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்தும் மோட்டார் வந்தது. முழங்கை தேய்கிற வரைக்கும் கட்டினேன்.

இப்போது மலருக்கு வருவோம். அவள் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். லீவுக்கு வந்தவள் படகை இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெடிப்பை அடைத்துப் பெயின்ட் அடிக்கத் தயாரானாள். "புது மோட்டார் வச்சு ஓட்டுவோம்மா" என்றாள்.

"எதை வேணா மாத்து. மோட்டாரத் தொடாத. அது நாங் கட்டுன காயில்" என்றேன்.

திறந்தாள். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது யாரும் காயில் கட்டுன மோட்டார் இல்லம்மா."

"என்னடி சொல்ற?"

"கம்பெனி மோட்டாரும்மா. தகரத்துல இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருக்கு. மூடி சீல் வச்சது வச்சபடி இருக்கு. தொறக்கவே இல்ல."

படகின் மூக்குப் பக்கத்தில் பாரத்துக்குப் போட்ட ஈயத் துண்டுகளுக்கு நடுவே ஒரு பொட்டலம் இருந்தது. காட்டன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசி, வாடிக்கைக்காரருக்குக் கொடுக்கிற மாதிரி அவர் கையால் கட்டியது. வாடை அங்கிருந்துதான். மலர் பிரித்தாள். உள்ளே என் மோட்டார். கரிக்கட்டையாக இருந்தது.

அவள் என்னவோ சொல்கிறாள், எனக்குக் காதில் விழவில்லை. "குடு இங்கிட்டு" என்று பிடுங்கினேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த புளியங்கொட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். அறுந்த இடத்தில் நுனியைத் தேடிப் பிடித்து மறுபடி அவிழ்த்தேன். ஒரு கையில் மூன்று கொட்டை. அடுத்த கையில் மூன்று கொட்டை. கடைசியாக ஒரு கை. அதுதான் அன்றைக்கு நான் முதலில் சுற்றியது. மூன்று கொட்டை வைத்துவிட்டேன். கம்பி இன்னும் மிச்சம் இருந்தது. நாலாவது கொட்டை வைத்தபோதுதான் தீர்ந்தது.

முதல் நூறு முடிந்ததும், அப்பா முதல் மரக்காலுக்குச் சொல்வது மாதிரி, என் வாய் "லாபம்" என்று சொல்லியிருக்கிறது. சொன்னதோடு சரி என்று கை கொட்டை வைக்காமல் விட்டிருக்கிறது. லாபம் சொல்வது வேலை தொடங்கும்போது ஒரே தடவைதான். அதனால் மற்ற இரண்டு கையும் சரி. ஒரு கை மட்டும் நூறு சுற்று கனம். உதறாமல் என்ன செய்யும்? உதறி, சூடேறி, அந்தச் சனிக்கிழமை காலையில் கடையில் அவர் ஓட்டிப் பார்த்தபோது எரிந்திருக்கிறது.

அப்படியென்றால் திருச்சி? அப்படியென்றால் அந்தத் துண்டு, அந்த ஆணி? ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தது. திருச்சிக்குப் போய் வெறுங்கையோடு வந்தவர் என்று நான் சிரிக்க வைத்தபோதெல்லாம், மடியில் மோட்டாரோடு பஸ்ஸில் வந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார். அதுகூடப் போகட்டும். சண்டை வந்தால் நான் எடுக்கிற கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. "அன்னைக்கு எங் காயில் ஓடலைன்னா ஒங்க கடை ஏது?" என்பேன். அவர் வாயை மூடிக்கொள்வார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆறு வருஷம் ஆகிறது அவர் போய். கோபத்தில்கூட ஒரு நாள் சொல்லவில்லை.

"அப்பா பெரிய ஆளும்மா" என்று மலர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எரிஞ்சு போச்சு புள்ள, மறுபடி கட்டு என்று சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கட்டியிருக்கமாட்டேனா? முடியாது என்று நினைத்துவிட்டாரா? இல்லை, பயந்துவிட்டாரா? கேட்க ஆள் இல்லை.

மலர் மெதுவாக, "அந்தக் கம்பெனி மோட்டாரும் இறுகிப் போச்சும்மா. புதுசு போட்டுரவா?" என்றாள்.

"வேணாம். கம்பி வாங்கிட்டு வா" என்றேன்.

ஜன்னலடியில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆறு நாள் ஆயிற்று. முன்பு இரண்டு நாளில் முடித்த வேலை. முதல் நூறு முடிந்தபோது வாய் அதுபாட்டுக்கு "லாபம்" என்றது. சொல்லட்டும் என்று விட்டேன். கொட்டையை மட்டும் எடுத்து வைத்தேன். சுழலவிட்டால் கையில் அசையாமல் நின்றது மோட்டார். மலர் சார்ஜ் ஏறுகிற பேட்டரி வைத்து முடுக்கினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருணிக்குக் கொண்டுபோனோம். பாதியாகச் சுருங்கிவிட்டது. சுற்றிலும் கம்பி வேலி, நடைபாதை. காயில் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அரிமளத்துக்காரர் போய்ச் சேர்ந்து வெகுநாள். மலரைப் பிடித்துக்கொண்டு குனிந்து படகை விட்டேன். உதறல் இல்லை, கோணல் இல்லை. கோடு போட்ட மாதிரிப் போனது. பாதி தூரம் போன பிறகுதான் அக்கரையைப் பார்த்தேன். அங்கே ஒரு ஆளை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே ஆள் இருக்கும் என்றே விட்டிருக்கிறேன்.

படகு போய்ப் படிக்கல்லில் முட்டியது. விலகி மறுபடி முட்டியது. காத்தாடி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் கவிழ்த்துப் பார்க்கலாம். உள்ளே இருப்பது நான் கட்டியதுதான். துண்டில் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

"அம்மா, நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்றாள் மலர்.

"இரு. கொஞ்சம் இரு" என்றேன்.