மணிக்கட்டு

குற்றாலம் சீசனில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் மடக்குக் கத்தி விற்ற அந்த அண்ணாச்சிக்கு நெற்றி நிறைய திருநீறு. கத்தியை மடக்கித்தான் தருவார். நாம் திறக்கிற விதத்தைக் கவனிப்பார்.

பலாப்பழம் வெட்ட, சாண் நீளக் கத்தி கேட்டேன். வாங்கியதும் மணிக்கட்டைச் சுண்டினேன். சடக்கென்று விரிந்தது. உடனே பிடுங்கிக்கொண்டார்.

“உங்களுக்குக் கிடையாது.”

“ஏன் அண்ணாச்சி?”

“பழம் வெட்டுதவன் ரெண்டு கையால திறப்பான். சுண்டித் திறக்குத கைக்கு நான் குடுக்க மாட்டேன்.”

கெஞ்சியும் அசையவில்லை. “மங்குஸ்தான் வாங்கித் தின்னுங்க. அதைக் கையாலேயே உடைச்சிரலாம்.”

சாரல் வலுத்தது. தார்ப்பாயை இறக்கும்போது கயிறு சிக்கிக்கொண்டது. அவர் யோசிக்காமல் ஒரு கத்தியை எடுத்து மணிக்கட்டைச் சுண்டினார். என்னுடையதைவிட வேகம்; சத்தமே இல்லை. கயிறு அறுந்து விழுந்தது.

நான் பார்ப்பதைக் கண்டதும், அந்தக் கத்தியை இரண்டு கையாலும் மெதுவாக மடக்கினார்.